கோபத்தைக் கொட்டினால் கோபம் தீருமா?



"மனசுலயே வச்சுக்காதடா, கத்தித் தீர்த்துடு." சண்டை போட்டுவிட்டு வரும் மாணவனிடம் நம்மில் பலர் இப்படித்தான் சொல்கிறோம். லாபிஸில் மட்டுமல்ல, எந்த ஊர்ப் பள்ளியிலும் கேட்கும் அறிவுரை இது. இதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போமா?

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், அவல நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பிக் 'கதார்சிஸ்' தருகிறது என்றார். மனம் தூய்மையாவது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். கவனியுங்கள், அவர் அங்கே கோபத்தைச் சொல்லவில்லை! 1895இல் வியன்னா மருத்துவர்கள் புரோயரும் பிராய்டும் அச்சொல்லை மனநோய்ச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். அடக்கிய உணர்ச்சி வெளியே வந்தால் நோய் குறையும் என்றார்கள். அதுவே பிற்காலத்தில் 'தலையணையைக் குத்து, கோபம் போயிடும்' என்று பரவிவிட்டது.

2002இல் அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 600 கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார். முதலில் அவர்களுடைய கட்டுரையை மட்டம் தட்டிக் கோபமூட்டினார்கள். பிறகு ஒரு பிரிவினர் மட்டம் தட்டியவரை நினைத்துக் குத்துப்பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் உடற்பயிற்சியை நினைத்துக் குத்தினார்கள். மூன்றாம் பிரிவினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில், மட்டம் தட்டியவரைப் பெரும் இரைச்சலால் தண்டிக்க வாய்ப்புக் கொடுத்தார்கள். முடிவு என்ன தெரியுமா? அவரை நினைத்துக் குத்தியவர்களுக்கே கோபம் அதிகம். சும்மா இருந்தவர்களே குறைவாகத் தாக்கினார்கள்.

2024இல் 154 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே போக்குதான். மூச்சுப் பயிற்சி, தியானம் போல உடலின் பரபரப்பைத் தணிப்பவை கோபத்தைக் குறைத்தன.

நம் இலக்கியம் என்ன சொல்கிறது? தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் வெகுளியையும் வைத்து, உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என அதற்கு நான்கு காரணங்களைக் காட்டுகிறது. அதாவது, கோபம் காரணத்தோடு வருகிறது. திருக்குறளிலோ வெகுளாமை 31ஆம் அதிகாரம். இன்னா செய்யாமை அடுத்த அதிகாரம். சினம் அடங்கினால்தான் பிறருக்குத் தீங்கு செய்யாமல் இருக்க முடியும் என்று இந்த வரிசையைப் படிக்கலாம்.

ஆசிரியர்களே, சண்டை போட்ட மாணவனை முதலில் அமைதியாக உட்கார வையுங்கள். மூச்சு நிதானமான பிறகு, "என்னப்பா நடந்துச்சு?" என்று கேளுங்கள். காரணத்தைக் கேட்பது வேறு, குத்தித் தீர்க்கச் சொல்வது வேறு. மாணவர்களே, சினம் பற்றிக் கட்டுரை வந்தால் 'அடக்கினால் வெடிக்கும்' என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். குறளின் அதிகார வரிசையையும் 2002 ஆய்வையும் சேர்த்து எழுதுங்கள். கருத்துக்குச் சான்று கிடைத்துவிடும்.