எதிராளியின் பெயரால்: கால்வினிய – அர்மீனிய வாதத்தில் ஓர் அத்தியாயம்

முன்குறித்தலைக் குறித்த நெடிய வாதத்தில் இரு தரப்பினரும் எவ்வெவ்வாறு மறுத்துரைத்தனர் என்பதை நாம் கற்பிக்கிறோம். ஒருவர் கொள்கையை மற்றவர் எவ்விதம் எடுத்துரைத்தனர் என்பதை அத்துணைக் கவனத்துடன் நோக்குவதில்லை.

தொடக்கமே முறைப்பாட்டில் அமைந்தது எனலாம். லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரான அர்மீனியுஸ், தம் கொள்கையெனப் பரப்பப்பட்ட 31 கூற்றுகளுக்கு மறுமொழி எழுதிய பின்னரே 1609இல் மறைந்தார். அடுத்த ஆண்டு அவர் வழிநின்றோர் அளித்த ஐந்து கூற்றுகளுள் மூன்றாவது, மனிதன் தன் சுயாதீன சித்தத்தின் வல்லமையால் இரட்சிப்புக்கேற்ற விசுவாசத்தைப் பெறான், மறுபிறப்பு வேண்டும் என்கிறது. ஐந்தாவதோ, விசுவாசி கிருபையை இழக்கக் கூடுமா என்னும் வினாவை மேலும் ஆராய்வதற்கென விட்டுவைத்தது. அவர்கள் பின்னர் இதில் உறுதியான நிலை எடுத்தனர் என்பது மெய்யே. ஆயினும் 1610ஆம் ஆண்டுக் கூற்றிலேயே அந்நிலை இருந்ததாக எழுதுவது பிழையாகும்.

இவர்களை விசாரித்த டார்ட் மாமன்றம் (1618–19) 1619 ஜனவரியில் இவர்களை அவையினின்று வெளியேற்றியது. வியப்பென்னவெனில், அதே மாமன்றம் தன் தீர்மானங்களின் முடிவுரையில், சீர்திருத்தச் சபைகளின் விசுவாசத்தை அவதூறுகளைக் கொண்டும், தனியொருவர் எழுத்தினின்று திரித்தெடுத்த சொற்களைக் கொண்டும் நிதானிக்க வேண்டாம், சபைகளின் அறிக்கைகளைக் கொண்டே நிதானியுங்கள் என வேண்டுகிறது. தனக்கெனக் கேட்ட நியாயத்தை மாமன்றம் பிறர்க்கு எவ்வளவு வழங்கிற்று என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

எனினும், இவ்வாதத்தின் மிகக் கூர்மையான நிகழ்ச்சி இங்கிலாந்தில் நேர்ந்தது. 1769இல் ஆங்கிலிக்கன் குருவான அகஸ்டஸ் டாப்லேடி, 16ஆம் நூற்றாண்டின் இத்தாலிய இறையியலாளர் சாங்கியுஸ் முன்குறித்தலைப் பற்றி இலத்தீனில் எழுதிய நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். மறு ஆண்டு ஜான் வெஸ்லி அதனைச் சிறு பிரசுரமாகச் சுருக்கினார். சுருக்கியதோடு நில்லாமல், தாமே ஒரு முடிவுரையும் இயற்றிச் சேர்த்தார். இருபதில் ஒருவரே தெரிந்துகொள்ளப்பட்டவர். அவர் எப்படி நடப்பினும் இரட்சிப்படைவார். ஏனையோர் எவ்வளவு முயலினும் அழிவர் என்பது அதன் சாரம். அதன்கீழ் டாப்லேடியின் பெயரின் முதலெழுத்துகள் கையொப்பம்போல் அச்சிடப்பட்டன!

சாங்கியுஸின் நூலோ, முடிவை நியமித்த தேவன் அதற்குரிய வழியையும் நியமித்தார், தெரிந்துகொள்ளப்பட்டோர் பரிசுத்தத்திற்கென்றே தெரிந்துகொள்ளப்பட்டனர் எனப் போதிக்கிறது. கள்ளக் கையொப்பம் அந்நாளைய இங்கிலாந்தில் மரண தண்டனைக்குரிய குற்றம். டாப்லேடி தம் மறுப்பில் இதைச் சுட்டத் தவறவில்லை.

வெஸ்லி 1771இல் விடையிறுத்தார். அம்முடிவு அக்கொள்கையினின்று தவிர்க்கவியலாதபடி விளைகிறது என்பதே அவர் வாதம். அது விளைகிறதா என்பது இறையியலார் ஆராயத்தக்க வினா. வெஸ்லியின் தர்க்கம் எளிதில் தள்ளத்தக்கதுமன்று. ஆனால், ‘இக்கொள்கையினின்று இது விளையும்’ என்பது வாதம். ‘இவர் இதைப் போதிக்கிறார்’ என்பது சாட்சி. சாட்சி பொய்யாயின் அது ஒன்பதாம் கற்பனையைச் சார்ந்தது. (நம் மாணவர் தேர்வுத்தாள்களிலும் இவ்விரண்டும் கலந்துவிடுவதை ஆண்டுதோறும் காண்கிறோம்.) அதே 1770இல், அர்மீனியன் என்பதன் பொருளை விளக்கிய சிறு நூலில், எத்தரப்புப் போதகரும் எதிர்த்தரப்பின் பெயரை வசைச்சொல்லாக வழங்கலாகாது என வெஸ்லியே வற்புறுத்தினார் என்பதையும் மறைக்கலாகாது.

டாப்லேடியும் குற்றமற்றவரல்லர். அர்மீனியக் கொள்கையை ரோம மார்க்கத்தோடு ஒன்றாக்கிக் காட்டுவதில் அவர் சலிப்படையவில்லை. தம்மினும் முப்பத்தேழு ஆண்டு மூத்தவரை ஏளனமும் செய்தார். ‘பிளவுண்ட மலை’ என நம் சபைகள் அறிந்த ஞானப்பாட்டின் மூலத்தை 1776இல் வெளியிட்டவரும் இவரே.

பின்னாளில் வேறொரு முறையைக் கையாண்டவர் கேம்பிரிட்ஜின் சார்லஸ் சிமியோன். இளங்குருவாயிருந்தபோது முதியவரான வெஸ்லியைச் சந்தித்து, அவர் நூல்களினின்று முடிவுகளை வருவிக்காமல் அவரையே வினவினார். தேவன் முந்தி ஏவாதிருந்தால் நீர் அவரிடம் திரும்பியிருப்பீரோ? கிறிஸ்துவின் இரத்தத்தையன்றி வேறொன்றை நம்புகிறீரோ? கணந்தோறும் அவரால் தாங்கப்பட வேண்டியவரல்லவோ? விடைகள் அனைத்தும் சிமியோனுக்கு உவப்பாயின. தம் கால்வினியம் இதுவே என்றார். இதைப் பதிவு செய்தவர் சிமியோனே என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். தள்ளப்பட்டோரைக் குறித்த நித்திய தீர்மானத்தைப் பற்றி அவர் ஒன்றும் வினவவில்லை. அதனை வெஸ்லி 1791இல் மரிக்குமட்டும் மறுத்தே வந்தார்.