முதுகும் சுமையும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்துக் காவுமுறைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பின் வரலாற்றை எழுதியோர் அதன் கோயில்களையும் குடிமரபையும் கூத்தையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆயின், கோயிலுக்கு வேண்டிய நெல்லையும் குடிக்கு வேண்டிய உப்பையும் கூத்துக் களரிக்கு வேண்டிய பந்தற்காலையும் மனிதர் எவ்வாறு சுமந்து சென்றனர் என்ற வினா அவர்களின் கவனத்தை அதிகம் ஈர்க்கவில்லை. சுமை தாழ்ந்த பொருள் எனக் கருதப்பட்டது போலும். அது ஒரு பிரதேசத்தின் காலநிலை, நிலவமைப்பு, தொழில், தொழில்நுட்பம் ஆகிய யாவும் மனித உடலின்மீது வந்து பொருந்தும் இடமாகும். அவ்விடத்தை நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படுகிறது: இப்பிரதேசத்தார் தலையிற் சுமந்தனர், தோளிற் சுமந்தனர், இடுப்பிற் சுமந்தனர், முதுகில் மட்டும் ஏறத்தாழச் சுமக்கவேயில்லை. இன்றோ பாடசாலைப் பிள்ளை முதல் பல்கலைக்கழக மாணவன் வரை அனைவரும் முதுகிலேயே சுமக்கின்றனர்; அவர்தம் வெள்ளைச் சட்டையின் பின்புறம் காலை எட்டு மணிக்கே நனைந்துவிடுகிறது. இம்மாற்றத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடும் பரந்த நிலம் படுவான்கரை. ஊர்கள் நெருங்கியிருப்பது எழுவான்கரையில், நெல் விளைவது பெரும்பாலும் படுவான்கரையில் என்ற அமைப்பினால், வேளாண்மைக் காலம் முழுவதும் மனிதரும் பொருள்களும் வாவியைக் கடந்துகொண்டே இருந்தனர். கல்லடிப் பாலம் திறக்கப்பட்டது 1924இல். புகையிரதம் மட்டக்களப்பை அடைந்தது 1928இல். மண்முனைத் துறையில் பாலம் அமைந்ததோ 2014இல்தான். ஆகவே மிக அண்மைக்காலம் வரை ஒரு மூடை நெல் தோணியிலேறுமுன் ஒருவரின் உடலிலும், இறங்கியபின் மற்றொருவரின் உடலிலும் தங்கியே பயணஞ் செய்தது.

அவ்வுடல்கள் கையாண்ட முறைகள் பல. சும்மாடு கூட்டித் தலையில் வைப்பது ஒன்று. கடகத்தை இடுப்பில் அணைத்துச் செல்வது மற்றொன்று. வாவியில் வலை வீசுவோர் பறியை இடுப்பிற் கட்டிக்கொள்வர். இவற்றுள் நுட்பம் மிக்கது காவுதடியாகும். காத்தடி எனவும் வழங்கும் இது கமுகு, கித்துள் போன்ற வளைந்து மீளும் மரத்திற் செதுக்கப்பட்டது. இரு முனைகளிலும் உறிகள் தொங்கும். உறிகளில் தயிர்ச்சட்டியோ மீன்கூடையோ அமரும். சுமப்பவர் ஒருவகை ஓட்ட நடையிற் செல்வார். தடி அந்நடைக்கேற்ப ஏறியிறங்கும். இவ்வாறு வளையும் தடி உடலின் சத்திச் செலவைக் குறைப்பதில்லை, ஆனால் தோளில் விழும் உச்ச விசையைத் தணிக்கிறது என்பதை அமெரிக்க உடலியலாளர் ரொஜர் கிராம் 1991இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. தயிர்ச்சட்டியைக் காவிய நம்மவருக்குத் தோள்பட்டை அவ்வுண்மையை முன்னரே சொல்லியிருக்கும்.

காவுதல் என்ற வினை ஈழத்துப் பேச்சுத் தமிழில் இன்றும் உயிரோடிருப்பது. இரு முனையிலும் பொருள் தொங்கவிட்டுத் தோளில் வைக்கும் தடிக்குச் சங்கநூல்கள் வழங்கும் பெயர் 'கா' என்பது. இதன் வழிவந்த காவடி பின்னர் முருக வழிபாட்டுக்கு உரியதாயிற்று; இடும்பன் இரு குன்றுகளைத் தடியிற் கட்டிக் காவிய கதையில் தொழிற்கருவியும் வழிபாட்டுப் பொருளும் ஒன்றாகவே நிற்கின்றன. மலைபடுகடாத்தின் தொடக்கத்தில் கூத்தர் தம் இசைக்கருவிகளைப் பைகளிலிட்டுக் கட்டி எடுத்துச் செல்கின்றனர். பெரும்பாணாற்றுப்படை தரும் மற்றொரு காட்சி நமது பொருளுக்கு மேலும் நெருங்கியது. சுங்கச் சாவடிகள் உள்ள பெருவழியில் மிளகுப் பொதி சுமந்து வரும் கழுதைகளைக் காட்டும் புலவர், அவற்றின் முதுகில் தழும்பு பதிந்திருந்ததையும் காணத் தவறவில்லை. சுமையும் தோலும் இடைவெளியின்றி உராயுமிடத்து என்ன நிகழும் என்பதற்குத் தமிழிலக்கியம் தரும் சான்று இதுவெனலாம்.

இவ்விடத்துக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளை நினைவுகூர்தல் பொருந்தும். அறிவியல் பயின்ற அவர், பழந்தமிழ் நூற்குறிப்புகளையும் கணிதத்தையும் கொண்டு மறைந்த யாழை மீட்டெடுக்க முயன்றதன் விளைவே 1947இல் வெளிவந்த யாழ் நூல். யாழுக்குக் கிடைத்த அப்பேறு யாழைத் தூக்கிச் சென்ற தடிக்கு இன்னும் கிடைக்கவில்லை.

முதுகு ஏன் விலக்கப்பட்டது? இதற்கு விடை காண உடலியலைச் சிறிது அணுக வேண்டும். நடக்கும் மனிதன் வெப்பத்தைப் பிறப்பிக்கும் உலையாவான். சுமையோடு நடப்பவன் மேலும் பெரிய உலை. தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 பாகை செல்சியசாக இருக்க, சூழ்ந்த காற்றும் அவ்வளவு சூடாகுமாயின், உடல் வெப்பத்தை வெளியேற்ற எஞ்சும் வழி வியர்வை ஆவியாதல் ஒன்றே. ஒரு லீற்றர் வியர்வை தோலிலிருந்து முற்றாக ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுசெல்லும். ஆனால் ஆவியாகாது துணியில் ஊறியோ சொட்டியோ போகும் வியர்வையாற் கிடைக்கும் குளிர்ச்சி மிகச் சொற்பம். உடல் நீரையும் உப்பையும் இழந்ததுதான் மிச்சம். இங்கு முதுகு சிறப்பிடம் பெறுகிறது. தீக்காய மருத்துவர் உடற்பரப்பை அளக்கக் கையாளும் கணக்கில் உடம்பின் பின்புறத்துக்கு நூற்றுக்கு 18 பங்கு உரியது. அன்றியும், சிமித், ஹவனித் என்னும் ஆய்வாளர் 2011இல் வெளியிட்ட வியர்வைப் படங்கள், நடு முதுகும் கீழ் முதுகுமே உடலில் மிகுதியாக வியர்க்கும் பகுதிகளுட் சேர்ந்தவை என்பதைக் காட்டின. அதிகம் வியர்க்கும் இடத்தை ஒரு பையால் அடைத்துவிடுவது, சூடான வீட்டில் காற்று வரும் யன்னலைத் தேர்ந்து சாத்துவதை ஒக்கும்.

மட்டக்களப்பின் காலநிலை இதனை மேலும் கூர்மையாக்குகிறது. மழையின் பெரும்பகுதி கார்த்திகை முதல் தை வரையான மாதங்களிற் பெய்து தீர்ந்துவிடும். வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து வரண்ட கச்சான் வீசும். கச்சானை வெம்மையின் காற்று என்று நாம் ஏசுவதுண்டு. ஆயினும் திறந்த முதுகில் வியர்வையோடு நடப்பவனுக்கு அவ்வரண்ட காற்றே வியர்வையை விரைந்து ஆவியாக்கும் துணையாகும். சிறுபோக அறுவடைக்காலத்து வயலில் மேலாடையின்றிக் காவுதடியோடு சென்றவரின் முதுகு முழுவதும் அக்காற்றுக்குத் திறந்திருந்தது.

எனினும், வெப்பம் ஒன்றையே காரணமாகக் கூறி முடித்துவிடுதல் ஆராய்ச்சிக்கு அழகன்று. ஆழங்குறைந்த துறைகளில் மார்பளவு நீரில் நடந்து கடப்பவருக்குத் தலைச்சுமையே நனையாத சுமை. ஒற்றையடி வரம்பில் செல்பவர், சமநிலை தவறும் கணத்திற் சுமையை உடனே இறக்கிவிட வல்லவராதல் வேண்டும். வாரால் உடலோடு பிணைந்த பொதி அதற்கு இடந்தராது. தயிர்ச்சட்டி முதுகில் ஏற்றக்கூடிய பொருளுமன்று. இவையாவும் உண்மையே. ஆயின் வெள்ளமில்லாத, வரம்பில்லாத, சட்டியில்லாத நீண்ட காட்டுவழிப் பயணங்களிலும் மூட்டை தலையிலும் தோளிலுமே இருந்தது என்பதனால், முதுகைத் திறந்து வைக்கும் வழக்கத்தில் வெப்பத்துக்கும் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன். நாற்காலி இதற்கு ஒரு துணைச் சான்று. ஒல்லாந்தர் காலந்தொட்டு இலங்கையில் வழங்கிய கதிரைகளின் இருக்கையும் முதுகணையும் பிரம்பினாற் பின்னப்பட்டன. ஐரோப்பாவிற் பஞ்சும் தோலும் வைத்துத் தைத்த இடத்தை இங்கு கண்ணறைப் பின்னல் பிடித்துக்கொண்டது. மட்டக்களப்பு வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையிற் சாய்ந்திருப்பவர் தம் முதுகின் பின்னே காற்றோடும் ஒரு வலையின்மீதே சாய்ந்திருக்கிறார்.

மனிதன் சுமக்க முடியாததை மாடு சுமந்தது. 1602ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தத் தளபதி மட்டக்களப்புக் கரையை அடைந்து, பின் கண்டி சென்று விமலதர்மசூரிய மன்னனைக் கண்டான். அக்காலத்தில் கீழ்க்கரைக்கும் மலைநாட்டுக்கும் இடையே ஓடிய பொருளோட்டத்தைப் பின்னர் பெரிதும் தாங்கியவை தவளம் எனப்படும் பொதிமாட்டு அணிகள். 1626இல் செனரத் மன்னன் மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்திய முஸ்லிம்களின் வழியினர் இவ்வணிகத்தில் முதன்மை பெற்றனர். உப்பும் கருவாடும் மேலே சென்றன. பாக்கு முதலியன கீழே வந்தன. பொதியின் அமைப்பே இங்கு கவனிக்கத்தக்கது. இரு விலாவிலும் ஒன்றுக்கொன்று எடையொத்த இரு சாக்குகள் தொங்கும். அடியில் மெத்தை இருக்கும். பாரம் முதுகந்தண்டின்மேல் நேராக அழுந்துவதில்லை. கழுதையின் தழும்பைக் கண்ட புலவனுக்குப் பின் வந்தவர்கள் அத்தழும்பைத் தவிர்க்க வழி தேடியிருக்கின்றனர். வண்டித் தெருக்கள் திறக்கப்பட்டபின் தவளங்கள் மறைந்தன.

முதுகிற் சுமக்கும் மரபு மலைக்கும் குளிருக்கும் உரியது. நேபாளத்துச் சுமைகாரர் கூம்புக் கூடையை நெற்றிப்பட்டியால் தாங்கி முதுகிற் சுமப்பர். அவர்களுள் ஆடவர் சராசரியாகத் தம் உடலெடையில் நூற்றுக்கு 93 பங்கு சுமந்ததாக 2005இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. நம் மலையகத் தோட்டங்களிற் கொழுந்து பறிக்கும் பெண்கள் தலையிலிருந்து கயிற்றால் தொங்கும் கூடையை முதுகிற் சுமப்பதும் இம்மரபின் பாற்பட்டது. அல்ப்ஸ் மலையில் 1991இற் கண்டெடுக்கப்பட்ட, 5000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மனித உடலோடு கிடந்த வளைத்த கோலும் பலகைகளும் முதுகுச் சட்டகத்தின் எச்சங்கள் எனப் பலர் கருதுகின்றனர். நோர்வேயில் ஒலே பேர்கன் என்பவர் முதுகின் வளைவுக்கேற்ப மரத்தை வளைத்துச் சட்டகப் பையை ஆக்கி 1909இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இவர்களின் முதன்மைக் கவலை பாரத்தைச் சீராகத் தாங்குவதே. குளிர்நாட்டில் முதுகிற் சிறிது சூடு இருப்பது குறையன்று.

அக்குளிர்நாட்டுப் பைதான் படைவீரர் பொதியாகவும் பின்னர் புத்தகப்பையாகவும் நம்மிடம் வந்தது. ஒரு காலத்திற் புத்தகங்களைக் கையிலோ, ஒரு தோளில் தொங்கும் துணிப்பையிலோ கொண்டுசென்ற பிள்ளைகள், இன்று நீர்புகா நைலோன் பையை முதுகோடு அழுந்தக் கட்டிச் செல்கின்றனர். இரு தோளும் பாரத்தைப் பகிர்வதால் இதிற் பயனுண்டு. ஒரு தோட்பை கழுத்தைச் சாய்க்கும் தீங்கு இதில் இல்லை. ஆனால் வாங்கிய பொருளோடு அது பிறந்த காலநிலையையும் சேர்த்தே வாங்கிவிட்டோம். வளிமண்டலவியற் திணைக்களம் பங்குனி, சித்திரை மாதங்களிற் கிழக்கு மாகாணத்துக்கும் வெப்ப எச்சரிக்கை விடுக்கும் இந்நாளில், மூன்று கட்டை தூரம் நடந்து பாடசாலை செல்லும் படுவான்கரைப் பிள்ளைக்கு இது வெறும் சௌகரியக் குறைவன்று.

ஐரோப்பியரே இக்குறையை உணர்ந்து மாற்று வழி கண்டனர். ஜேர்மனியின் டொய்ற்றர் நிறுவனம் 1984இல், வில்லாக வளைத்த சட்டகத்தில் வலையொன்றை விறைப்பாக இழுத்துக் கட்டி, வலை மட்டும் முதுகைத் தொட, பை விலகி நிற்கும் அமைப்பை வெளியிட்டது. இடையே புகும் காற்று இரு பக்கத்தாலும் மேலாலும் வெளியேறும். நமது பிரம்புக் கதிரையின் முதுகணையைக் கழற்றி ஒரு பையோடு பொருத்தியதற்கு இது ஒப்பாகும் என்று கூறின் மிகையாகாது. இதற்கும் ஒரு விலையுண்டு. பை எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவுக்குச் சுமையின் ஈர்ப்புமையம் பின்செல்லும்; சுமப்பவர் முன்னே குனிய நேரும். அதனால் இடைவெளி சில விரற்கடைக்கு மேற்போதல் ஆகாது. பாரமான நூல்களை வலையை ஒட்டிய அறையிலும் இலேசானவற்றைப் புறத்தேயும் வைத்தல் வேண்டும். ஈரப்பதன் மிக்க மாரிக்காலத்தில் இடைவெளி தரும் பயன் குறையும். கச்சான் காலத்திலேயே அது முழுப் பயன் தரும்.

இவ்வமைப்பைச் சோதிக்க ஏற்ற களம் நம்மிடமே உண்டு. ஆண்டுதோறும் ஆனி, ஆடி மாதங்களிற் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்வோர் மட்டக்களப்பைக் கடந்து, திருக்கோவில், பொத்துவில் வழியாக உகந்தையை அடைந்து, அங்கிருந்து குமண, யால காடுகளினூடே நடக்கின்றனர். 1983இன் பின் தடைப்பட்டு 1988இல் மீண்டும் தொடங்கிய இப்பயணத்தில், காட்டுவழிக்கு வேண்டிய அரிசியையும் நீரையும் அவரவரே சுமக்க வேண்டும். முதியோர் பலர் மூட்டையைத் தலையில் வைத்திருப்பர். இளையோர் பலர் முதுகுப்பையோடு வருவர். ஒரே வழியில், ஒரே வெயிலில், ஒரே கச்சானில் நடக்கும் இவ்விரு சாராரும் நாளொன்றுக்கு அருந்தும் நீரையும், மாலையில் அவர்தம் உடல் வெப்பநிலையையும் அளந்து ஒப்பிடுவதற்கு ஒரு தராசும் ஒரு வெப்பமானியும் போதும். வளைத்த பிரம்பும் பின்னிய தென்னங்கயிறும் கொண்டு ஒரு சட்டகம் செய்து மூன்றாவது சாராரிடம் கொடுப்பதும் அரிய செயலன்று. பிரம்பு பின்னத் தெரிந்த கைகள் இன்னும் நம்மிடையே உள்ளன.