தெளிந்த வட்டம் பிறந்த கதை

நெய்வேலி டவுன்ஷிப்பைத் தாண்டிப் பண்ருட்டிப் பக்கம் போனால் முந்திரிக் காடுகள். கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களை முந்திரி ஓட்டின் எண்ணெய் எப்படிப் புண்ணாக்கும் என்பது அந்தப் பக்கத்து ஊர்களுக்குத் தெரியும். அதே எண்ணெயிலுள்ள அனகார்டிக் அமிலங்கள் சில பாக்டீரியாக்களையும் தடுக்கின்றன என்று ஹிமெஜிமா, கூபோ என்ற ஆய்வாளர்கள் 1991-இல் எழுதினார்கள்.

இலையும் பட்டையும் ஓடும் கிருமியை அடக்குமா என்று இன்று கல்லூரிக்குக் கல்லூரி சோதித்துப் பார்க்கிறார்கள். அந்தச் சோதனைத் தட்டு ஒரு சமையலறைக்குக் கடன்பட்டது.

1881 வாக்கில் கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேக்குக் கோடையில் பெரும் தொல்லை. கிருமி வளர்க்க ஊற்றிய ஜெலட்டின் உருகி ஓடியது. நம் சித்திரை வெயிலில் அது ஒரு மணி நேரம்கூட நிற்காது. அவருக்கு ஆய்வுப் படங்கள் வரைந்து உதவிய மனைவி ஃபேனி, தான் பழக்கூழ் கட்டப் பயன்படுத்தும் அகார் அகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் முன்பு வாழ்ந்த ஒரு குடும்பத்திடம் அவர் கற்ற வித்தை அது. உறைந்த அகார் மறுபடி உருக ஏறத்தாழ 85 டிகிரி வேண்டும். கோக் 1882-இல் காசநோய்க் கிருமியை அறிவித்த கட்டுரையில் அகாருக்கு ஒரு வரி இருந்தது, ஃபேனியின் பெயர் இல்லை. இது அநியாயம். ராமநாதபுரத்துக் கடலோரப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் இன்று அகார் தயாராகிறது. அவர்கள் பெயரும் ஆய்வேடுகளில் வருவது அரிது.

மூடியுள்ள தட்டைப் பெட்ரி 1887-இல் தந்தார். பிறகு இரண்டாம் உலகப் போர்க்காலம், பெனிசிலின் தந்த வேகத்தில் செடிகளிலும் மருந்து தேடினார்கள். 1943-இல் இங்கிலாந்தில் ஆஸ்பர்ன் 2,300 வகைச் செடிகளின் சாற்றை இரண்டு கிருமிகளுக்கு எதிராகச் சோதித்து வெளியிட்டார். காகித வில்லைகளை வைத்து, கிருமி வளராத தெளிந்த வட்டத்தை அளக்கும் முறைக்கு 1966-இல் பாயர், கிர்பி குழுவினர் ஒழுங்கு கொடுத்தார்கள்.

அந்த ஒழுங்கு, அளவு தெரிந்த ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்காக ஏற்பட்டது. செடிச் சாறு அப்படியல்ல. நீரில் கரையும் பொருள் அகாருக்குள் தூரம் பரவும். முந்திரி ஓட்டு எண்ணெய் போன்றது வில்லையை விட்டு நகரவே தயங்கும். ஆகவே பெரிய வட்டம் என்றால் வலுவான மருந்து என்று எழுதிவிடுவது தவறு. எத்தனை மைக்ரோகிராமில் வளர்ச்சி நிற்கிறது என்று திரவத்தில் படிப்படியாக நீர்த்துப் பார்த்தால்தான் வலு தெரியும். மனித செல்லுக்கு அது கேடு செய்யுமா என்பது அதற்கும் அடுத்த சோதனை. கொட்டை உடைக்கும் கைகளைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

நெய்வேலியிலும் சுற்று வட்டாரத்திலும் தட்டு வைக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சாறு எடுத்த ஆல்கஹாலில் மட்டும் நனைத்து உலர்த்திய வில்லை ஒன்றையும் அதே தட்டில் வையுங்கள். அதைச் சுற்றியும் வட்டம் விழுந்தால், கிருமியைத் தடுத்தது செடி மட்டுமல்ல; அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.