திரிப்போலி துறந்த அணுகுண்டு

ஹிஜ்ரி 1424, ஷவ்வால் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், அதாவது 19-12-2003 அன்று, லிபிய வெளியுறவு அமைச்சகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அணு ஆயுதமும் இரசாயன ஆயுதமும் ஆக்குவதற்கெனத் திரட்டி வைத்திருந்த கருவிகளையும் திட்டங்களையும் லிபியா தன் சொந்த விருப்பத்தால் விட்டொழிக்கிறது என்பதே அதன் சாரம். முஅம்மர் அல்-கத்தாபி அதனை அறிவார்ந்த முடிவு என ஆதரித்தார். அன்றிரவே பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேரும் அமெரிக்க அதிபர் புஷ்ஷும் அதை வரவேற்றுப் பேசினர்.

இம்முடிவைப் பற்றி நம்மவரிடையே இரு தீர்ப்புகள் நெடுநாளாக வழங்கி வருகின்றன. சதாம் ஹுஸைன் 13-12-2003 அன்று நிலவறையிலிருந்து பிடித்து இழுத்துவரப்பட்ட காட்சியைக் கண்டு கத்தாபி நடுங்கிவிட்டார் என்பது ஒன்று. ஆயுதத்தைக் கொடுத்ததால்தான் 2011இல் உயிரையும் கொடுத்தார், கொடாதிருந்தால் எவரும் அவரைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்பது மற்றொன்று. முதலாவது அவரைக் கோழையாக்குகிறது, இரண்டாவது ஏமாளியாக்குகிறது. அவர் அஞ்சியதெல்லாம் வாஷிங்டனை மட்டுமே என்று இரண்டும் ஒருசேரக் கருதுகின்றன. ஆவணங்களை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது அவருடைய அச்சத்தின் முதன்மையான முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது என்றே நமக்குப் படுகிறது.

கத்தாபி 01-09-1969 அன்று மன்னர் இத்ரீஸை அகற்றி ஆட்சியைப் பிடித்தபோது அவருக்கு வயது 27. அடுத்த ஆண்டே அவருடைய துணைவர் அப்துஸ் ஸலாம் ஜல்லூத் சீனாவுக்குச் சென்று அணுகுண்டு ஒன்றை விலைக்குக் கேட்டதாகவும், அது விற்பனைப் பொருளன்று எனப் பிரதமர் சூ என்லாய் நயமாக மறுத்ததாகவும் எகிப்திய இதழாளர் முஹம்மது ஹஸனைன் ஹைக்கல் எழுதியுள்ளார். சிரிப்புக்கிடமான செய்தியாகத் தோன்றினும் அடுத்த முப்பதாண்டுக் காலமும் லிபியா நடந்துகொண்ட முறையை இது முன்னறிவிக்கிறது. அந்நாடு அணுகுண்டை ஆக்க முயன்றதைவிட வாங்க முயன்றதே மிகுதி.

மன்னர் காலத்தில், 1968இல், கையொப்பமிட்ட அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தைக் கத்தாபியின் அரசே 1975இல் உறுதி செய்தது. வெளியே ஒப்பந்தம், உள்ளே வேட்டை. 1978 முதல் 1981 வரை நைஜரிலிருந்து 2,000 டன்னுக்கும் மேலான யுரேனியத் தாதுத்தூள் இறக்குமதியாயிற்று. தலைநகருக்கு அருகில் தாஜூராவில் சோவியத் நாடு அமைத்துத் தந்த 10 மெகாவாட் ஆராய்ச்சி உலை 1981இல் இயங்கத் தொடங்கியது. எண்ணெய்ப் பணம் இருந்தது. எந்திரத்தைக் கையாளத் தெரிந்த தலைமுறை இல்லை.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறிச் செல்வது அரபு கற்பிக்கும் நமக்குத் தவிர்க்க முடியாததாகிறது. 1977இல் கத்தாபி தம் நாட்டுக்கு ‘ஜமாஹிரிய்யா’ எனப் பெயரிட்டார். குடியரசைக் குறிக்கும் ‘ஜும்ஹூரிய்யா’ என்பது ‘ஜும்ஹூர்’ என்னும் ஒருமையிலிருந்து வந்தது. அவர் அதன் பன்மையான ‘ஜமாஹீர்’ என்பதிலிருந்து புதுச்சொல் ஆக்கி, தம் நாடு குடியரசினும் மேலான மக்கள் திரளின் அரசு என்றார். இலக்கணத்தில் பன்மை, ஆட்சியிலோ தனி ஒருமை. கட்சிகள் இல்லை, கட்டற்ற பத்திரிகை இல்லை, முடிவுகளைக் கேள்வி கேட்கும் மன்றமும் இல்லை. அணுத்திட்டத்தின் தொடக்கமும் முடிவும் இந்த ஒருமையைச் சார்ந்தே அமைந்தன.

1990களின் நடுப்பகுதியில் திட்டம் புத்துயிர் பெற்றது. பாகிஸ்தானிய விஞ்ஞானி அப்துல் கதீர் கானின் மறைமுக வணிக வலை அப்போதுதான் லிபியாவுக்குக் கிடைத்தது. யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு எந்திரங்கள் 20 முழுமையாகவும் மேலும் 200க்கான பாகங்களும் 1997 முதல் வந்தன. இன்னும் திறன் மிக்க வகையில் 10,000 எந்திரங்களுக்கு ஆணை தரப்பட்டது. குண்டின் வரைபடங்களும் வந்து சேர்ந்தன. இஸ்லாமாபாத் தையற்கடை ஒன்றின் பெயர் பொறித்த பைகளில் அவை இருந்தன என்பது பின்னர் உலகெங்கும் பேசப்பட்ட செய்தி. இவ்வணிகத்தின் இடைத்தரகராக மலேசியக் காவல்துறையின் 2004ஆம் ஆண்டு அறிக்கை குறிப்பிடும் புகாரி செய்யது அபூ தாஹிர், துபாயில் வணிகம் செய்த இலங்கையர். பெயரைக் கேட்டதும் நம் கடற்கரையூர்கள் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை. மலேசியாவின் ஷா ஆலமில் கடைசல் வேலை செய்யப்பட்ட பாகங்கள், எதற்கென்று தமக்குத் தெரியாது என அவ்வாலையினர் கூறிய பாகங்கள், துபாய் வழியாகத் திரிப்போலி நோக்கிப் பயணப்பட்டன.

இத்தனைக்குப் பிறகும் லிபியாவிடம் இருந்தது என்ன? சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் முஹம்மது அல்-பராதிஈ 2003 டிசம்பர் இறுதியில் நேரில் சென்று பார்த்தபின், திட்டம் தொடக்க நிலையிலேயே இருப்பதாகவும் குண்டு ஆக்கும் நிலையை எட்டப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும் என்றும் மதிப்பிட்டார். பெருமளவு கருவிகள் பெட்டிகளிலேயே கிடந்தன. புதிய வகை எந்திரங்களுக்கு உயிரான சுழலிப் பகுதிகள் வந்து சேரவே இல்லை. ஒன்பது எந்திரங்கள் கொண்ட சிறு தொடரை நிறுவியிருந்தவர்கள், இரகசியம் வெளிப்படுமோ என அஞ்சி 2002இல் அதைக் கழற்றி வேறிடத்திற்குக் கொண்டுசென்றிருந்தனர். கத்தாபி துறந்தது ஓர் ஆயுதத்தை அன்று. ஆயுதத்தை அடையும் வழியை. அவ்வழியும் நீண்டது, செலவு மிக்கது, பிடிபடக்கூடியது.

இனி, அச்சக் கொள்கையைக் காலவரிசையோடு பொருத்திப் பார்ப்போம். சதாம் பிடிபடுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, 1999 மே மாதத்தில், அமெரிக்கருடன் நடந்த இரகசியப் பேச்சில் லிபியத் தரப்பு பேரழிவு ஆயுதங்களைக் கைவிட முன்வந்ததாக அப்பேச்சில் பங்கேற்ற மார்ட்டின் இன்டிக் பின்னர் எழுதினார். அமெரிக்கரோ லாக்கர்பி விவகாரம் முதலில் தீரட்டும் என்றனர். 1988இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி மேலே விமானம் வெடித்து 270 பேர் மாண்டதே அவ்விவகாரம். பின்னர் 2003 மார்ச்சில், ஈராக் மீது படையெடுப்புத் தொடங்கும் தறுவாயில், லிபிய உளவுத்துறைத் தலைவர் மூஸா கூஸாவும் கத்தாபியின் மகன் ஸைபுல் இஸ்லாமும் பிரிட்டிஷ் உளவுத்துறையை நாடினர். பேச்சு நடந்துகொண்டிருக்கையிலேயே மையவிலக்குப் பாகங்களை ஏற்றிவந்த ‘பிபிசி சைனா’ என்னும் கப்பல் அக்டோபரில் இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்திற்குத் திருப்பப்பட்டது. ஒரு கையால் பேரம், மறு கையால் கொள்முதல். கப்பல் பிடிபட்டதும் ஈராக்கின் கதியும் முடிவை விரைவுபடுத்தின என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் விரைவுபடுத்திய காரணம் வேறு, வித்திட்ட காரணம் வேறு.

வித்து உள்நாட்டில் இருந்தது. 1970இல் நாளொன்றுக்கு 33 இலட்சம் பீப்பாய் அளவில் எண்ணெய் எடுத்த நாடு, 2000ஆம் ஆண்டு வாக்கில் 14 இலட்சத்தில் நின்றது. இந்த வீழ்ச்சி முழுதும் தடைகளால் வந்ததன்று. 1970களிலேயே அரசு உற்பத்தியைக் குறைத்திருந்தது. எனினும் 1992இலும் 1993இலும் ஐ.நா. விதித்த தடைகளும் அமெரிக்காவின் தனித்தடைகளும் கருவிகளையும் முதலீட்டையும் அடைத்துவிட்டதால் மீண்டெழ வழியில்லாமற் போயிற்று. 1998இல் எண்ணெய் விலையும் சரிந்தது. மக்களுக்கு மானியமும் வேலையும் வழங்கி மௌனத்தை வாங்கும் அரசுக்கு வருவாய் குறைவதென்பது வெளிப்படையெடுப்பினும் கொடியது. 1993இல் வர்ஃபல்லா குலத்தைச் சேர்ந்த இராணுவ அதிகாரிகள் கலகம் செய்ய முனைந்தனர். அவர்கள் ஆட்சியின் தூண் எனக் கருதப்பட்ட குலத்தினர் என்பதைக் கவனிக்க வேண்டும். கிழக்கே பெங்காஸி, தர்னா வட்டாரங்களில் ஆப்கான் போரிலிருந்து திரும்பியோர் ‘அல்-ஜமாஅத்துல் இஸ்லாமிய்யா அல்-முகாதிலா’ என்னும் இயக்கமாகி ஆயுதமேந்தினர். 1996 ஜூனில் திரிப்போலியின் அபூ ஸலீம் சிறையில் ஏறத்தாழ 1,200 கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர்; குடும்பத்தாருக்கு ஆண்டுக்கணக்கில் சாவுச் செய்திகூடத் தெரிவிக்கப்படவில்லை.

சிறைக் கலகத்திற்கும் குலப் பகைக்கும் எண்ணெய்க் கிணற்றின் உதிரிப்பாகத் தட்டுப்பாட்டிற்கும் அணுகுண்டால் என்ன பயன்? ஒன்றுமில்லை. மாறாக, அத்திட்டம் இருக்கும்வரை அமெரிக்காவின் தடைகள் நீங்கா. அவை நீங்காதவரை கருவூலம் நிரம்பாது. அரியணையைக் காக்கவென வாங்கப்பட்ட பொருள் அரியணையின் காலையே அரிக்கத் தொடங்கிற்று. வெளியுலகிலும் அதன் தேவை மங்கிவிட்டது. 1987இல் சாட் நாட்டுடனான போரில் இலகுரக வாகனங்களில் வந்த வீரர்களிடம் தோற்றபின், அரபு உலகின் தலைமை என்னும் கனவை விட்டுக் கத்தாபி ஆப்பிரிக்க ஒற்றுமையின்பால் திரும்பிவிட்டார். ஆப்பிரிக்காவை அணு ஆயுதமற்ற மண்டலமாக்கும் பெலின்தாபா ஒப்பந்தத்தில் 1996இலேயே லிபியா கையொப்பமிட்டிருந்தது.

முடிவை எளிதாக்கிய இன்னொன்றும் உண்டு. 28-05-1998 அன்று சாகாய் மலையில் பாகிஸ்தான் சோதனை நடத்தியபோது மக்கள் தெருவுக்கு வந்து இனிப்பு வழங்கினர். அந்தக் குண்டு அன்று முதல் மக்களின் மானமாகிவிட்டது. எந்த அரசும் அதை இனி எளிதில் விட இயலாது. லிபிய மக்களுக்கோ அப்படியொன்று இருப்பதே தெரியாது. இரகசியமாக வைத்ததை இரகசியமாகவே விற்கலாம். மானக்கேடு எவருக்கும் இல்லை. தென்னாப்பிரிக்க வெள்ளையர் அரசும் இவ்வாறே ஆறு குண்டுகளைச் சத்தமின்றிக் கழற்றிவிட்டு, 1993 மார்ச்சில்தான் அதிபர் டி கிளார்க் வாயிலாக நாட்டுக்குத் தெரிவித்தது. சதாமின் நிலை இதற்கு நேர்மாறு. அவருடைய பேரழிவு ஆயுதங்கள் 1991ஐ ஒட்டியே பெரும்பாலும் அழிக்கப்பட்டிருந்தும், ஈரான் அறியக் கூடாது என்பதற்காக ஐயத்தை அப்படியே விட்டுவைத்தார். அந்த ஐயமே படையெடுப்புக்குச் சாக்காயிற்று.

கத்தாபிக்குக் கிடைத்த விலையைப் பேசும்போது எண்ணெய் ஒப்பந்தங்களையும் 25-03-2004 அன்று பிளேர் பாலைவனக் கூடாரத்தில் கைகுலுக்கியதையும் 2006இல் அமெரிக்கத் தூதரக உறவு மீண்டதையும் அனைவரும் குறிப்பிடுவர். நாம் சற்று நின்று பார்க்க விரும்புவது அதே மார்ச் மாதத்தில் நடந்த மற்றொன்றை. முகாதிலா இயக்கத் தலைவர் அப்துல் ஹகீம் பல்ஹாஜும் கருவுற்றிருந்த அவருடைய மனைவி ஃபாத்திமாவும் பாங்காக்கில் பிடிக்கப்பட்டு அமெரிக்க உளவுத்துறையால் திரிப்போலிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ‘சரக்கு’ வந்து சேர்ந்ததற்கு வாழ்த்துக் கூறிப் பிரிட்டிஷ் உளவுத்துறை உயரதிகாரி மூஸா கூஸாவுக்கு எழுதிய கடிதம், ஆட்சி வீழ்ந்தபின் 2011 செப்டம்பரில் திரிப்போலியில் கிடைத்தது. ஆயுதம் துறந்த மன்னனுக்கு அவன் உண்மையில் அஞ்சிய எதிரிகள் கட்டி ஒப்படைக்கப்பட்டனர். தாஜூராவிலிருந்து சுமார் 16 கிலோ செறிவூட்டிய யுரேனியம் ரஷ்யாவுக்கு விமானமேறியதும் அதே மாதம்தான். இவ்விரு விமானப் பயணங்களையும் சேர்த்துப் படிக்காமல் லிபியாவின் துறவை விளங்கிக்கொள்ள இயலாது. 2018 மே மாதத்தில் பிரிட்டிஷ் அரசு பல்ஹாஜ் தம்பதியரிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது.

பேரம் ஒருநாளில் முடிந்துவிடவும் இல்லை. 2009 நவம்பரில், எஞ்சிய 5.2 கிலோ பயன்படுத்திய எரிபொருள் தாஜூராவில் விமானத்தை எதிர்நோக்கிக் கிடந்தபோது, வாக்களித்தபடி சலுகைகள் வரவில்லை என்று குறைகூறி லிபியா அதை அனுப்ப மறுத்தது. காவலும் போதாத நிலையில் ஒரு மாதம் கிடந்து டிசம்பரில்தான் அது ரஷ்யாவுக்குப் போயிற்று. 2011இல் முந்தைய அரசு அறிவிக்காமல் ஒளித்துவைத்திருந்த இரசாயன ஆயுதங்களும் வெளிப்பட்டன.

அவ்வாண்டு பிப்ரவரியில் பெங்காஸியில் எழுச்சி மூண்டது. அபூ ஸலீம் சிறையில் மாண்டோரின் குடும்பங்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் ஒருவர் கைது செய்யப்பட்டதே உடனடிக் காரணம். மார்ச் 19 அன்று மேலை நாடுகளின் குண்டுவீச்சுத் தொடங்கிற்று. மூன்று நாள் கழித்து வடகொரிய வெளியுறவு அமைச்சகம், லிபியாவின் ஆயுதக் களைவு ஒரு படையெடுப்புத் தந்திரமே எனச் சாடியது. குண்டு இருந்திருந்தால் நேட்டோ தயங்கியிருக்கும் என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் பெட்டியில் கிடந்த பாகங்கள் எட்டாண்டில் குண்டாகியிருக்கும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. இடைப்பட்ட காலத்தில் தடைகளுக்குள் அந்த ஆட்சி நீடித்திருக்கும் என்பதற்கும் இல்லை. மார்ச் 30 அன்று மூஸா கூஸா லண்டனுக்குத் தப்பி வந்தார். ஆகஸ்டில் திரிப்போலி வீழ்ந்தபோது நகரின் இராணுவ மன்றத்திற்குத் தலைமை ஏற்றவர் பல்ஹாஜ். அக்டோபர் 20 அன்று கத்தாபி ஸிர்த் நகரில் கொல்லப்பட்டார்.

நைஜரிலிருந்து வந்த தாதுத்தூளில் பெரும்பகுதி தெற்கே ஸப்ஹாவில் பீப்பாய்களில் அப்படியே கிடந்தது. 2023 மார்ச்சில் லிபியக் கிடங்கு ஒன்றில் 10 பீப்பாய்களை, ஏறத்தாழ 2.5 டன்னைக் காணவில்லை என அணுசக்தி முகமை அறிவித்தது. மறுநாளே, சாட் எல்லைப் பக்கமாகக் கிடங்கிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் அவற்றைக் கண்டெடுத்ததாகத் தளபதி கலீஃபா ஹஃப்தரின் படையினர் கூறினர்.