வளையலிலிருந்து கல்விக்கடன் வரை

காலேஜ் ஃபீஸ் என்றால் நம் வீடுகளில் முதலில் பீரோதான் திறக்கும். அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போகும். அரசாங்கக் கடன் இல்லாமலில்லை. 1963-லேயே மத்திய அரசு தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டம் கொண்டுவந்தது. வட்டி கிடையாது; ஆனால் நல்ல மார்க் வாங்கிய ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும்.

நடுத்தர வர்க்கத்துக்கு வழி திறந்தது 2001-ல். இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டத்தை ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் அனுப்பியது. அன்று உள்நாட்டுப் படிப்புக்கு 7.5 லட்சம், வெளிநாட்டுக்கு 15 லட்சம். 4 லட்சம் வரை அடமானம் கேட்கவில்லை. படிப்பு முடிந்து ஒரு வருஷம் அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், எது முந்தியோ அப்போது தவணை ஆரம்பம் என்றிருந்தது. சொத்தைப் பார்த்துக் கடன் கொடுத்த வங்கி, படிப்பைப் பார்த்துக் கொடுக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

2009-10 கல்வியாண்டிலிருந்து, வருட வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் தொழிற்கல்விக்குப் படிப்புக்கால வட்டியை மத்திய அரசே ஏற்றது.

மற்றவர்களுக்கு? "தவணைதான் அப்புறமாச்சே சார்" என்று என் மேஜைக்கு வரும் நம்மூர்க்காரர்கள் நிம்மதியாகச் சொல்வார்கள். பணம் கைமாறிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்று நான் சொல்வேன். பெற்றோரும் கூட்டுக் கடனாளி. பிள்ளைக்கு வேலை தாமதமானால் அப்பாவின் ரிட்டயர்மென்ட் பணத்துக்குத்தான் ஆபத்து. முடிந்தவர்கள் வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவிடுங்கள்.