கடாரத்துக் காற்று: பாய்மரத்திலிருந்து பாய்த்துணைக் கப்பல் வரை

சிடாம் கிரி போன்ற தென்கெடாத் தோட்டங்களில் வாழ்ந்த நாம் 1,217 மீட்டர் உயரமான ஜெராய் மலையைத் தரையில் நின்றே பார்த்துப் பழகியவர்கள். வங்கக் கடலைத் தாண்டி வந்த மாலுமிகளுக்கு அது நிலக்குறி. அந்தக் குறியைத் தேடி வந்த கப்பல்களுக்கும் காற்றுக்கும் இருந்த உறவு எப்படி மாறியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1834இல் செபராங் பிறையில் பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் லோ ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். 1800 வரை கெடாவுக்கு உரியதாக இருந்த மண் அது. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அக்கல்லில் புத்தகுப்தன் என்ற மகாநாவிகன் பயணம் இனிதே முடிய வேண்டிக்கொள்கிறான். இதை நான் பக்திச் சான்றாக மட்டும் படிப்பதில்லை. காற்று தன் கையில் இல்லை என்று அறிந்த ஒரு தொழிலாளியின் சொல்லாகவும் படிக்கிறேன்.

தென்மேற்குப் பருவக்காற்று கப்பலைக் கிழக்கே கொண்டுவரும்; வாடைக்காற்று மேற்கே திருப்பி அனுப்பும். இடையில் காத்திருக்க ஒரு துறை வேண்டும். கெடா, அதாவது கடாரம், அப்படிப்பட்ட துறை. 7ஆம் நூற்றாண்டின் சீனத் துறவி யிஜிங், வங்கத்துத் தாமிரலிப்தியிலிருந்து தென்கிழக்கே இரண்டு மாதம் பயணம் செய்தால் கெடாவை அடையலாம் என்றும், அங்கே குளிர்காலம் வரை தங்கிய பிறகே கப்பல் தெற்கே புறப்படும் என்றும் எழுதியுள்ளார். பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்களையும், சுங்கை பத்துவின் இரும்பு உலைகளையும், செங்கல் துறைமேடைகளையும் இந்தக் காத்திருப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் தங்குபவனுக்குச் சோறும் கிடங்கும் வழிபாட்டிடமும் தேவை. கடாரத்தின் செல்வத்தில் ஒரு பங்கு காற்று தந்த இந்த ஓய்வில் விளைந்தது என்பது என் துணிபு.

கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊர் கொடையாகத் தரப்பட்டதும், 1025இல் இராசேந்திர சோழன் கடாரத்தின்மேல் படையெடுத்ததும் பலர் எழுதியவை. கொடையும் படையும் ஒரே பருவக்காற்றைத்தான் நம்பியிருந்தன; அதைத்தான் யாரும் அதிகம் பேசவில்லை. ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுக்குப் பின்னும் நிலை அதுவே. சோழமண்டலக் கரைக் கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேரைப் பினாங்குக்குக் கொண்டுவருவதாகப் பினாங்குக் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் 1794இல் குறித்தார். அவர்களில் பலர் நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினர்; அடுத்த பருவத்தில் வேறு பலர் வந்தனர்.

நீராவி இந்தக் காத்திருப்பை ஒழித்தது. ஆனாலும் தொடக்கக் காலத்து நீராவிக் கப்பல்கள் பாயையும் கைவிடவில்லை. இன்ஜின் பழுதானாலும் நிலக்கரி குறைந்தாலும் பாய் உதவியது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் நிலை மாறியது. செங்கடலின் எதிர்காற்றில் பாய்மரக் கப்பல் திணறியது. நீராவிக் கப்பலுக்கோ ஐரோப்பா பல வாரம் கிட்டே வந்தது. நம் பாட்டன்மார் பலர் ஏறிவந்த ரஜூலா என்ற நீராவிக் கப்பல் 1926இல் கட்டப்பட்டது. சென்னையில் ஏறியவர் பருவம் பார்க்காமல் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பினாங்கில் இறங்கினார்.

ஆனால், சரக்கை ஏற்றும் பாய்மரம் அத்தோடு மடியவில்லை. இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்மரக் கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை ஓடிச் சேர்ந்தது. தூத்துக்குடித் தோணிகள் பின்னாளில் இன்ஜின் பொருத்திக்கொண்டும் பாயைக் கழற்றிப் போடவில்லை. காற்று வாய்த்தால் பாய் விரிப்பதும் டீசலை மிச்சம் பிடிப்பதும் அந்தத் தோணிக்காரர்களுக்குத் தெரிந்த கணக்கு.

பெருங்கப்பல்கள் இதே கணக்கை வேறு வழியில் வந்தடைந்தன. 1924இல் ஜெர்மானியப் பொறியாளர் ஆன்டன் பிளெட்னர் 'புக்காவ்' கப்பலில், காற்றிலிருந்து உந்துவிசை பெறச் சுழலும் உருளைகளை நிறுத்தினார். எண்ணெய் விலை ஏறியபோது, 1980இல், ஜப்பான் 'ஷின் ஐடோக்கு மாரு' என்ற எண்ணெய்க் கப்பலுக்குப் பாய் கட்டியது. பின்னர் எண்ணெய் மலிந்ததும் அந்த ஆர்வம் தணிந்தது. இப்போது தூண்டுவது விலை மட்டுமல்ல. 2050ஐ ஒட்டிக் கப்பல்துறையின் பசுமைக்குடில் வாயு வெளியீட்டை நிகரச் சுழியமாக்கப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2023இல் இலக்கு வைத்தது. அதே ஆண்டு 'பிக்சிஸ் ஓஷன்' என்ற மொத்தச் சரக்குக் கப்பல் 37.5 மீட்டர் உயரமுள்ள இரண்டு இறகுப்பாய்களுடன் சிங்கப்பூர் வழியாகப் பிரேசிலுக்குச் சென்றது. ஆறு மாத ஓட்டத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 3 டன் எரிபொருள் மிச்சமானதாக அதை வாடகைக்கு எடுத்த கார்கில் நிறுவனம் அறிவித்தது.

இந்த இறகுப்பாய் விமான இறக்கையைப் போல வேலை செய்கிறது. காற்று பக்கவாட்டில் வீசும்போது உந்துவிசை கிடைக்கிறது. நேர் எதிரே வீசினால் பயனில்லை. மேல்தளம் நிறையப் பெட்டிகளை அடுக்கும் கொள்கலன் கப்பலில் இதை நிறுத்த இடம் கிடைப்பது அரிது. மலாக்கா நீரிணையிலும் காற்று மெலிவு, நெரிசலும் மிகுதி. ஆனால் நீரிணையைக் கடந்து மேற்கே தமிழகம் நோக்கித் திரும்பும் கப்பலுக்கு மார்கழி, தை மாதங்களில் வாடை வலப்பக்கமாக, சற்றுப் பின்னிருந்து வீசும். இறகுப்பாய்க்கு ஏற்ற கோணம் அது. கெடாவில் யிஜிங் காத்திருந்த குளிர்காலக் காற்றும் அதுதான்.