வேட்பாளர் வேட்டது யாது?

தேர்தலிற் போட்டியிடுவாரை நம் முந்தையோர் அபேட்சகர் என்றனர். இற்றை நாளில் வேட்பாளர் என வழங்குகின்றோம். முன்னது வடசொல், பின்னது தமிழ்ச்சொல். இரண்டிற்கும் விருப்பமே அடிப்பொருள். ஆகவே ஒருவர் தேர்தலுக்கு நிற்குங்கால் நாம் முதற்கண் வினவத்தக்கது, ‘இவர் எதனை விரும்பி நிற்கின்றார்?’ என்பதேயாம். பதவியை விரும்பியா, பதவியாற் கிடைக்கும் பொதுப்பயனை விரும்பியா?

செம்மங்குப்பத்திற் பிள்ளைகட்குத் தமிழ் கற்பித்துவரும் நமக்கு இவ்வினாவை நினைப்பூட்டியவன் ஒரு சிறுவன். கடலூரில் அமைந்துள்ள திரு. எஸ். எஸ். இராமசாமிப் படையாட்சியார் மணிமண்டபத்தைப் பார்த்து வந்த மாணவர்கள், அவர் யாவர் என்று வினவினர். நம் குலத்தாரின் நலங் கருதி 1952-இல் தேர்தலில் நின்று வென்ற பெரியார் என்று விடையிறுத்தோம். பின் வரிசையிலிருந்த ஒரு மாணவன் எழுந்தான். அவன் நம் குலத்தானல்லன். ஊரின் மறுபக்கத்துக் காலனியிலிருந்து வருபவன். “ஐயா, அப்படியானால் கட்சிக்கு உழைப்பாளர் என்று ஏன் பெயர் வைத்தார்?” என்றான். நாம் உடனே விடை கூற இயலாது நின்றோம். அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

வரலாற்றைச் சற்றே பின்னோக்குவோம். 1871-ஆம் ஆண்டுக் குடிமதிப்புக் காலந்தொட்டு நம் முன்னோர் சர்க்காரிடம் வேண்டிவந்தது பெரும்பாலும் பெயரேயாம். தாழ்வாகக் குறித்த பெயரை நீக்கிச் சத்திரியர் எனப் பதிய வேண்டுமென்று விண்ணப்பங்கள் சென்றன, நூல்கள் எழுதப்பட்டன, சங்கங்கள் தோன்றின. மானத்தோடு வாழ விரும்பியோர் செய்த முயற்சியாதலின் அதனை நாம் இகழோம். ஆயினும் பெயர் மாறியதனால் ஏர் பிடித்தவன் குத்தகை குறைந்ததில்லை. அவன் பிள்ளை பள்ளிக்குச் சென்றதுமில்லை. அரை நூற்றாண்டிற்கு மேலான உழைப்பு குடிமதிப்பேட்டின் ஒரு வரிக்கே பெரிதுஞ் செலவாயிற்று.

அக்காலத்து ஏழைக்கு வேறு வழியும் இருந்திலது. 1935-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின்கீழ் வாக்குரிமை சொத்து, வரி, கல்வி முதலிய தகுதிகளோடு பிணைக்கப்பட்டிருந்தது. முந்திரிக் கொல்லையிலும் மணிலாக் கொல்லையிலும் கூலிக்கு உழைத்தார்க்கு வாக்கில்லை. வாக்கில்லாதவன் கேட்பதனைச் சட்டசபை கேளாது. இந்நிலையை மாற்றியது விடுதலை பெற்ற இந்தியாவின் அரசியற் சட்டம். 21 வயது நிரம்பிய ஆண் பெண் அனைவர்க்கும் வாக்குண்டு என்றாயிற்று. எழுத்தறியாரும் அடையாளங் கண்டு வாக்கிடும் பொருட்டு, வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் சின்னம் ஒட்டிய தனித்தனிப் பெட்டி 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் வைக்கப்பட்டது.

இதற்குச் சிறிது முன்னரே நம் பக்கத்தில் ஒரு விழிப்பு உண்டாயிற்று. 1947-இல் திருத்தப்பட்ட வகுப்புவாரி உத்தரவு, சர்க்கார் உத்தியோகம் 14-இல் 2-ஐப் பிற்பட்ட இந்துக்களுக்கென ஒதுக்கியது. பிற்பட்டோர் என்பார்க்குத் தனிப்பங்கு கிடைத்தது இதனாலேயாம். 1949-இல் நடந்த தென்னார்க்காடு ஜில்லா போர்டுத் தேர்தலில், 52 இடங்களுள் 22-ஐ நம் குலத்து வேட்பாளர்கள் சுயேச்சையாக நின்றே பெற்றனர். 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் செண்பகம் துரைராசன் வழக்கில் வகுப்புவாரி உத்தரவு செல்லாதெனத் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியின் பின்னர் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அரசியற் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. பின்னர்ப் பிற்பட்டோர்க்கு நூற்றுக்கு 25 என்னும் ஒதுக்கீடு இம்மாகாணத்தில் நிலைபெற்றது. எழுதிப்பெற்ற உரிமையும் சட்டசபையில் ஆளில்லையேல் நில்லாது என்பதை அவ்வாண்டு நம்மவர்க்குக் கற்பித்தது எனலாம்.

அவ்வாண்டிலேயே கூடிய நம் குலத்துப் பெருமகாநாடு, உழைக்கும் மக்களோடு ஒத்துழைத்துத் தேர்தலில் நிற்பதெனத் தீர்மானித்தது. கல்வியில் இடம், உத்தியோகத்திற் பங்கு, மக்கள்தொகைக்குத் தக்க பிரதிநிதித்துவம் ஆகியனவே முன்நின்ற கோரிக்கைகள். ஆனால் தலைவர் இருவராயினர், கட்சியும் இரண்டாயிற்று. கடலூர்ப் படையாட்சியார் தலைமையில் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி தென்னார்க்காட்டிலும் சேலத்திலும் வேரூன்றியது. திரு. எம். ஏ. மாணிக்கவேல் நாயக்கர் தலைமையில் காமன்வீல் கட்சி வடார்க்காட்டிலும் செங்கற்பட்டிலும் நின்றது. இரண்டன் பெயரிலும் குலப்பெயர் இல்லை என்பதைக் கருதுக. ஒன்று உழைப்பைச் சுட்டிற்று. மற்றொன்று பொதுநலத்தைச் சுட்டிற்று. சத்திரியர் என்னும் பெயரை வேண்டி நின்ற ஒரு குலம், உழைப்பாளர் என்னும் பெயரைத் தானே விரும்பிச் சூடிக்கொண்டது சிறிய மாற்றமன்று.

ஆந்திரமும் மலையாளக் கரையும் அடங்கிய அந்நாளைய சென்னை மாகாணச் சட்டசபையில் இடங்கள் 375. காங்கிரஸ் 152 பெற்றுப் பெரும்பான்மை இழந்தது. கம்யூனிஸ்டுகள் 62 பெற்றனர். உழைப்பாளர் கட்சி 19 இடமும் காமன்வீல் கட்சி 6 இடமும் பெற்றன. படையாட்சியார் கடலூரில் வென்றார். அப்போது அவர்க்கு வயது 33. எவர்க்கும் பெரும்பான்மையில்லாத சபையில் இருபத்தைந்து பேர் சிறு தொகையல்லர்.

இங்கே வழி பிரிந்தது. 1952 ஏப்ரல் 10-ஆம் நாள் இராஜாஜி முதலமைச்சராயினார். மாணிக்கவேலர் அவ்வமைச்சவையில் நிலவருவாய் மந்திரியானார். உழைப்பாளர் கட்சி சேரவில்லை. 1953-இல் இராஜாஜி கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப் பிள்ளைகள் மூன்று மணி நேரம் பள்ளியிலும் எஞ்சிய பொழுது பெற்றோர் தொழிலிலும் பயில வேண்டுமென்றது. மக்கள் அதனைக் குலக்கல்வி என்று கூறி எதிர்த்தனர். 1954 ஏப்ரல் 13-இல் காமராஜர் முதலமைச்சராகி, அடுத்த மாதமே அத்திட்டத்தைக் கைவிட்டார். அவரது அமைச்சவையிற் படையாட்சியார் உள்ளாட்சி மந்திரியாக இடம்பெற்றார். உழைப்பாளர் கட்சி கலைந்து காங்கிரஸோடு ஒன்றியது.

இதனைத் துரோகம் என்றார் பலர். அவர் கூற்றிலும் நியாயமுண்டு. 1952-இல் திராவிட முன்னேற்றக் கழகம் தான் தேர்தலில் நில்லாமல், தன் கொள்கைக்கு உறுதிமொழி எழுதித்தந்த பிற கட்சி வேட்பாளர்களை ஆதரித்தது. இவ்விரு கட்சியினரும் அவ்வாதரவைப் பெற்றனர். பின்னர் அவர்கள் எதிர்த்து நின்ற கட்சியிலேயே சேர்ந்தமையால் அவ்வுறுதிமொழி காற்றிற் போயிற்று. சொன்ன சொல் தவறியதை நம் குலத்தார் என்பதற்காக நாம் மறைத்தல் தகாது.

ஆயினும் வேட்டது நிறைவேறியதா என்பதே நம் வினாவாதலின், வரவையும் எண்ணுதல் வேண்டும். 1955-ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகை உழவரைக் காரணமின்றி வெளியேற்றுதலைத் தடுத்தது. 1956-ஆம் ஆண்டு நியாய வாரச் சட்டம், நன்செயில் விளைவின் நூற்றுக்கு 40-க்கும் மானாவாரி முதலிய நிலங்களில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேல் நிலக்காரர் பெறலாகாது என்றது. அக்காலத்தில் வருவாய்த் துறையை நடத்தியவர் மாணிக்கவேலரே. 1956-இல் ஏழைப் பிள்ளைகட்குப் பள்ளியில் மதிய உணவு வந்தது. இவையனைத்தும் நம்மவரால் ஆயின என்று கூறுதல் மிகை. காமராஜர் ஆட்சியின் பொதுப்போக்கே அதுவாம். ஆயினும் இச்சட்டங்கள் இயன்ற அவையில் உழவர் பக்கத்து மந்திரியர் இருவர் இருந்தனர் என்பது மெய்.

இனி, அம்மாணவன் வினாவிற்கு வருவோம். குத்தகைச் சட்டம் குத்தகைதாரனைக் காத்தது. குத்தகையும் இல்லாது நாட்கூலிக்கே உழைத்தவனை அது என் செய்தது? 1952-இல் வந்த தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அத்தகையோர்க்கு ஓரளவு அரணாயிற்று. ஆனால் அது தஞ்சை ஜில்லாவிற்கென வந்தது. கொள்ளிடத்தின் தென்கரைக்குக் கிடைத்த காப்பு வடகரையில் தென்னார்க்காட்டுச் சேரி மக்கட்கு எட்டவில்லை. நம் கட்சி உழைப்பாளர் என்னும் பெயரோடு பத்தொன்பது பேராய்ச் சபையில் வீற்றிருந்த ஆண்டன்றோ அது! அவ்வாண்டிலேயே காட்டுமன்னார்கோயிற் பக்கத்துத் திரு. எல். இளையபெருமாள் காங்கிரஸ் சார்பில் மக்களவைக்குச் சென்றார். பின்னாளில் தீண்டாமை பற்றி ஆய்ந்த அகில இந்தியக் குழுவிற்குத் தலைமை தாங்கி 1969-இல் அறிக்கை அளித்தவரும் அவரே. ஒரே மண்ணில், ஒரே தேர்தலில், உழைப்போர் இரு சாரார் இரு வழியிற் சென்றனர். இருவர் துன்பமும் ஒரே வயலில் இருந்தது. பெயரை அகலமாக வைத்த நம் முன்னோர் கைகளை அத்துணை அகலமாக விரித்திலர் என்பதே நாம் கண்ட உண்மை. இதனைக் கூறுதல் பெரியாரைப் பழித்தலன்று. அவர் தொடங்கி முடியாது விட்டதனை நினைவூட்டலேயாம்.

பிற்கால வரலாறும் இதனையே வலியுறுத்துகின்றது. 1987 செப்டம்பரில் நடந்த ஒருவாரச் சாலைமறியலில் 21 பேர் உயிர் நீத்தனர். 1989-இல் மிகப் பிற்பட்டோர்க்கென நூற்றுக்கு 20 கிடைத்தபோது, அது நமக்கு மட்டுமன்றி நூற்றுக்கு மேற்பட்ட சிறு குலங்கட்கும் உரியதாயிற்று. 2021-இல் நமக்கெனப் பிரித்த 10.5-ஐ, போதிய புள்ளிவிவரம் இன்மை காட்டி 2022 மார்ச்சில் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. பலரோடு பகிர்ந்து பெற்றது நின்றது. தனித்து வேண்டியது இதுகாறும் நிற்கவில்லை.

இன்று வாக்குரிமை வயது 18. நம் மாணவர் சிலர் விரைவில் வாக்காளராவர். அவர்கட்கு நாம் கூறுவது இது: வேட்பாளர் வாயிலுக்கு வருங்கால் குலம் வினவற்க, மூன்று வினவுக. எதனை விரும்பி நிற்கின்றீர்? அது நீர் செல்லும் சபையின் அதிகாரத்தில் உள்ளதா? அதனால் அடுத்த தெருவிற்கும் பயனுண்டா? நம்மூர் இருப்புப்பாதைக் கடவையில் 2025 ஜூலை 8-ஆம் நாள் பள்ளி வண்டியின்மீது புகைவண்டி மோதி மூன்று பிள்ளைகள் மாண்டனர். புகைவண்டி மத்திய சர்க்காருக்கு உரியது. பள்ளிக்குச் செல்லும் சாலையும், சிப்காட் ஆலைகளின் கழிவைக் கண்காணிக்கும் வாரியமும் மாநிலத்திற்கு உரியன. எதனை எவரிடம் கேட்பது என்றறியாத வாக்கு வீண்படும். அவ்வண்டி எத்தெருப் பிள்ளை என்று பார்த்து மோதவில்லை. ஆலைப்புகையும் தெருப் பார்த்து வீசுவதில்லை.

மறுநாள் வகுப்பில் அம்மாணவனுக்கு விடை கூறினோம்: “தம்பி, அப்பெயர் உனக்கும் சேர்த்தே வைக்கப்பட்டது. உன்னிடம் கொண்டுவந்து சேர்க்கத்தான் நாங்கள் தவறினோம்.” அவன் தலையசைத்து அமர்ந்தான். அவன் வாக்களிக்கும் நாளிலேனும் அப்பெயர் மெய்ப்பொருள் பெறுவதாக.